ஒரே கரிமணல், மூன்று லேப், மூன்று எண்: ரெஃபரன்ஸ் மெட்டீரியல் எந்த இடத்தில் உதவும்?

கேட்கப்பட்டது இது. நாகர்கோவிலில் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருவர், மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் சின்னவிளை, பெரியவிளை கடற்கரையில் எடுத்த கரிமணலை ஒரே பையிலிருந்து பிரித்து மூன்று லேபுக்கு அனுப்பியிருக்கிறார். தோரியம் மூன்றிலும் மூன்று விதம். சிர்கோனியம் ஒரு லேபில் மற்ற இரண்டில் வந்ததில் பாதிகூட இல்லை. "சான்றிதழோடு வரும் ரெஃபரன்ஸ் மெட்டீரியல் ஒன்று வாங்கி மூன்று பேருக்கும் கொடுத்தால் எண்கள் ஒத்துவருமா? அருமனையில் அப்பாவின் ரப்பர் தோட்டத்திலும் பாலின் டி.ஆர்.சி. (பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) பற்றி இதே தகராறுதான், அதற்கும் இந்த வழி சரிப்படுமா?" என்று கேட்கிறார்.

வாங்குங்கள். எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று முன்பே அளந்து சான்றளித்த பொருள் அது, சுருக்கமாக சி.ஆர்.எம். ஆனால் வாங்கிக் கொடுத்தவுடன் எண்கள் தாமாக ஒத்துப்போய்விடாது. எந்தப் படியில் பிரிகின்றன என்பதை அது காட்டிக்கொடுக்கும். திருத்துகிற வேலை லேபுக்காரர்களுடையது. இன்னொன்று, மணல் பயணப்படும் பாதை முழுவதும் அந்தப் பொருளும் பயணப்பட்டால்தான் அதுகூடக் காட்டும். இந்த இரண்டாவது விஷயத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

செலவு செய்வதற்கு முன் ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். ஒருவர் தோரியம் என்றும் இன்னொருவர் தோரியம் டை ஆக்சைடு என்றும் எழுதியிருந்தால் அதிலேயே 14 சதவீத வித்தியாசம். சிர்கோனியத்துக்கும் அதன் ஆக்சைடுக்கும் 35 சதவீதம். மணல் தானே வெளிவிடும் காமா கதிரை எண்ணும் காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் லேப், பெக்கரல் (நொடிக்கு எத்தனை அணு சிதைகிறது) கணக்கில் கொடுத்திருக்கும், ஒரு பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தோரியம் என்பது கிலோவுக்கு சுமார் 4.06 பெக்கரல். பிறகு, உலர்த்திய எடைக்கா, வந்தபடியே எடுத்த எடைக்கா என்று கேளுங்கள். கடல் மணலில் ஈரம் சும்மா இருக்காது.

அலகு சரி, அப்படியும் வித்தியாசம் இருக்கிறது என்றால், எவ்வளவு வித்தியாசம் இயல்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும். வில்லியம் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஏராளமான கூட்டு ஆய்வுகளின் முடிவுகளை அலசி, 1980 வாக்கில் ஒரு சூத்திரம் சொன்னார். செறிவு குறையக் குறைய லேபுகளுக்கு இடையேயான சிதறல் கூடிக்கொண்டே போகும் என்பது அதன் சாரம்: ஒரு சதவீதம் இருக்கும் பொருளுக்குச் சுமார் 4 சதவீதச் சிதறல், ஒரு பி.பி.எம். என்றால் 16 சதவீதம். உங்கள் மணலில் தோரியம் 400 பி.பி.எம். என்று வைத்துக்கொண்டால் எதிர்பார்க்கும் சிதறல் சுமார் 6.5 சதவீதம். ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு லேபுகளுக்கு நடுவே அதைப்போல் 2.8 மடங்கு வரை, அதாவது 18 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். அதற்குள் இருந்தால் யார் மீதும் குற்றம் சொல்ல வேண்டாம். சிர்கோனியம் பாதியாகக் குறைந்திருப்பது இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதற்கு வேறு காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

இப்போது மணலுக்கே வருவோம். என் கணிப்பில் உங்கள் தோரியத் தகராறின் வேர் கருவியில் இல்லை, கரண்டியில் இருக்கிறது. இந்த மணலில் தோரியம் எல்லாத் துகளிலும் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பகுதி மோனசைட் என்ற தாதுவின் துகளில்தான். நம் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 9 சதவீதம் இருக்கும். மணலில் மோனசைட் அரை சதவீதம் என்று கொண்டால் தோரியம் 400 பி.பி.எம். ஆகிறது. மாதிரியைக் கரைசலாக்கிப் பிளாஸ்மாவில் செலுத்தி அளக்கும் ஐ.சி.பி. லேப் கரைப்பதற்கு எடுப்பது 0.1 கிராம். அதில் மோனசைட் 500 மைக்ரோகிராம். ஒரு துகளின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர், அடர்த்தி 5 என்றால் எடை கிட்டத்தட்ட 20 மைக்ரோகிராம். ஆக, அந்த 0.1 கிராமில் இருப்பவை மொத்தமே 25 மோனசைட் துகள்கள். ஒரு தடவை 20 வரும், மறு தடவை 30 வரும். 25-இன் வர்க்கமூலம் 5. அதாவது 20 சதவீதச் சிதறல், எடை போடும்போதே! அதற்குப் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் அளந்தாலும் இந்த 20 சதவீதம் போகாது.

அதே மணலை 0.02 மில்லிமீட்டருக்கு அரைத்துப் பாருங்கள். துகள் எண்ணிக்கை ஆயிரம் மடங்காகி 25,000 ஆகும், சிதறல் 0.6 சதவீதமாக இறங்கிவிடும். காமா லேப் 300 கிராம் மணலை அப்படியே டப்பாவில் போட்டு எண்ணுவதால் அவர்களுக்கு அரைக்காமலே 75,000 துகள் கிடைக்கிறது. இதனால்தான் பல இடங்களில் காமா எண் நிலையாக நிற்க, ஐ.சி.பி. எண் ஆடுகிறது. ஐ.சி.பி. மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பையிலிருந்து பிரித்த விதமும் முக்கியம். கனமான கரிமணல் துகள் பஸ் குலுக்கலிலேயே கீழே இறங்கிவிடும். மேலே இருந்து கரண்டியால் அள்ளிய லேபுக்குக் குவார்ட்ஸ் அதிகம், அடியில் கிடந்ததைப் பெற்றவருக்கு மோனசைட் அதிகம். குவித்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை எடுக்கும் பழைய முறையோ, மணலைச் சம பங்காகப் பிரிக்கும் ரிஃபிள் பெட்டியோ கட்டாயம் வேண்டும். அரைப்பது அகேட் (கடினமான சிலிக்காக் கல்) கலனில் இருக்கட்டும். சிர்கோனியா உருண்டை போட்ட மில்லில் அரைத்துவிட்டு மணலில் சிர்கோனியம் தேடினால் மில்லின் சிர்கோனியமும் சேர்ந்து வரும். மோனசைட் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. முகமூடி, முடிந்தால் ஈரமாக அரைப்பது, தூசி உறிஞ்சும் அடைப்பு இல்லாமல் இதில் கைவைக்காதீர்கள்.

அடுத்து சிர்கோனியம். மணலில் சிர்கோனியத்தைத் தாங்கி நிற்கும் சிர்கான் தாது அமிலத்துக்கு மசியாது. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் எதுவானாலும் சரி, ஹைட்ரோஃப்ளூரிக் சேர்த்து ஹாட் பிளேட்டில் நாள் முழுக்க வைத்தாலும் அடியில் மினுமினுவென்று துகள் நிற்கும். அதை வடிகட்டி எறிந்துவிட்டுக் கரைசலை மட்டும் அளந்தால் பாதி என்ன, அதற்கும் கீழேகூட வரும். லித்தியம் போரேட்டோடு ஆயிரம் டிகிரி பக்கம் உருக்க வேண்டும், இல்லை சோடியம் பெராக்சைடோடு உருக்க வேண்டும். பெராக்சைடு உருக்கலுக்குச் சிர்கோனியம் குரூசிபிள் (உருக்கும் கிண்ணம்) வசதியானது, ஆனால் இந்த வேலைக்கு அதைத் தொடக் கூடாது, நிக்கல் எடுங்கள். குறைந்த எண் கொடுத்த லேபைக் கூப்பிட்டு "கரைத்தீர்களா, உருக்கினீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் "கரைத்தோம்" என்றுதான் வரும் என்று நினைக்கிறேன். தோரியத்துக்கும் அமிலத்தில் ஒரு பொறி உண்டு. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை முழுக்க விரட்டாமல் விட்டால் தோரியமும், லாந்தனம், சீரியம் போன்ற அருமண் தனிமங்களும் ஃப்ளூரைடாகக் கரையாமல் படிந்துவிடும், எண் குறையும்.

இங்கேதான் ரெஃபரன்ஸ் மெட்டீரியல் வேலைக்கு வருகிறது. லேபில் சி.ஆர்.எம். என்று கேட்டால் பலர் அலமாரியிலிருந்து ஸ்டாண்டர்ட் சொல்யூஷன் புட்டியை எடுத்துக் காட்டுவார்கள். அதற்கும் சான்றிதழ் இருக்கும், பொய்யில்லை. ஆனால் அது ஏற்கனவே கரைந்த பொருள். கருவியைச் சரிபார்க்கும், அவ்வளவுதான். சிர்கான் கரையாமல் அடியில் நின்றதை அதனால் சொல்லவே முடியாது. மூன்று லேபும் ஒரே கம்பெனியின் சொல்யூஷனை வைத்து அளவுதிருத்தம் செய்தும் மூன்று எண் வருவதன் ரகசியம் இதுதான். உங்களுக்கு வேண்டியது தாதுவாகவே இருக்கும் தூள்: சிர்கான் உள்ள பாறைத்தூள், தோரியம் உள்ள தாதுத்தூள். அதை எடை போட்டு, உருக்கி, நீர்த்து, அளந்து, சான்றிதழ் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

காமா அளவைக்கு உலகம் முழுவதும் பழக்கத்தில் இருப்பது சர்வதேச அணுசக்தி முகமையின் ஆர்.ஜி.டி.ஹெச்-1. தோரியம் தாதுவைச் சிலிக்காத் தூளோடு கலந்து செய்தது. தோரியம் 800 பி.பி.எம்., 95 சதவீத நம்பிக்கை எல்லை 784 முதல் 816 வரை. யுரேனியத்துக்கு 400 பி.பி.எம். உள்ள ஆர்.ஜி.யு-1, பொட்டாசியத்துக்கு ஆர்.ஜி.கே-1. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆர்.ஜி.டி.ஹெச்-1 சிலிக்கா, இலேசானது. உங்கள் டப்பாவில் இருப்பது இல்மனைட்டும் சிர்கானும் கார்னெட்டும் நிறைந்த கனத்த மணல். குறைந்த ஆற்றல் காமாவைக் கனத்த மணல் தானே விழுங்கிவிடும். தோரியம் சிதைந்து உண்டாகும் ஈயம்-212 காட்டும் 239 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டில் எண் குறையும். தாலியம்-208 காட்டும் 2614 கோட்டில் அவ்வளவாகக் குறையாது. நடுவில் ஆக்டினியம்-228-இன் 911. மூன்று கோட்டிலிருந்தும் தனித்தனியே தோரியம் கணக்கிடச் சொல்லுங்கள். 239, 911, 2614 என்று வரிசையாக எண் ஏறிக்கொண்டே போனால் அடர்த்தித் திருத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். யுரேனிய வரிசைக்கு டப்பாவைக் காற்றுப் புகாமல் அடைத்து சுமார் நான்கு வாரம் வைத்த பிறகே எண்ண வேண்டும். ரேடான்-222-இன் அரை ஆயுள் 3.8 நாள், அது கசிந்து போனால் பின்னால் வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 எல்லாம் குறையும்.

சான்றிதழைப் படிப்பதும் ஒரு வேலை. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு எடை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அதற்குக் கீழே எடுத்தால் அந்தச் சான்று உங்களுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன துகள் கணக்குதான் அதற்கும் காரணம். எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் உலர்த்த வேண்டும் என்று இருக்கும். காலாவதித் தேதி இருக்கும். "சான்றளித்த மதிப்பு" என்று சில தனிமங்களுக்கும் "தகவலுக்கு மட்டும்" என்று சிலவற்றுக்கும் பிரித்துப் போட்டிருப்பார்கள். இரண்டாவது வகையை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஒப்பிடும் கணக்கு எளிது. ஒரு லேப் ஆர்.ஜி.டி.ஹெச்-1-இல் 760 என்று சொல்கிறது, தன் எண்ணில் திட்ட நிச்சயமின்மை (எண் எவ்வளவு ஆடலாம் என்ற மதிப்பீடு) 20 என்கிறது. சான்றிதழ் எண்ணுக்கு அது 8 (784 முதல் 816 வரை என்ற எல்லையில் 800-க்கு இரு பக்கமும் உள்ள 16-இல் பாதி). இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 21.5, இரண்டால் பெருக்கினால் 43. வித்தியாசம் 40. ஆக, லேபில் சாய்வு (எண் எப்போதும் ஒரே பக்கம் விலகுவது) இருப்பதாகச் சொல்ல ஆதாரமில்லை. அதே லேப் தன் நிச்சயமின்மை 10-தான் என்று அடித்துச் சொன்னால்? எல்லை 25.6 ஆகச் சுருங்கிவிடும், 40 அதைத் தாண்டிவிடும். அப்போது ஒன்று எண்ணில் சாய்வு இருக்கிறது, இல்லை தன்னைப் பற்றிய அதன் மதிப்பீடு தவறு. மூன்று லேபிடமும் எண்ணோடு நிச்சயமின்மையையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத ரிப்போர்ட்டை ஒப்பிடுவது வீண்.

இதெல்லாம் புதுச் சிந்தனையும் அல்ல. அமெரிக்காவில் வார்ப்பிரும்பு ஆலைகளுக்கும் வாங்குபவர்களுக்கும் இடையே இரும்பின் கலவை பற்றிச் சண்டை வந்தபோது, 1906 வாக்கில் அந்நாட்டு நியமங்கள் அலுவலகம் வார்ப்பிரும்புத் தூளைப் புட்டியில் அடைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. பாறை வேதியியலில் பெரிய அதிர்ச்சி 1951-இல் வந்தது. ரோட் ஐலண்டின் வெஸ்டர்லி கிரானைட்டை ஜி-1 என்றும் வர்ஜீனியாவின் டயபேஸ் என்ற கருநிறப் பாறையை டபிள்யூ-1 என்றும் அரைத்துப் பல நாட்டு லேபுகளுக்கு அனுப்பி, வந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார்கள். கைதேர்ந்தவர்கள் என்று பெயரெடுத்த லேபுகளின் எண்கள்கூட யாரும் எதிர்பாராத அளவு விலகி நின்றன. இன்று 1996 முதல் நடக்கும் ஜியோ பி.டி. என்ற லேப் ஒப்பீட்டுத் திட்டம் அதே வேலையைத்தான் ஒழுங்காகத் தொடர்ந்து செய்கிறது. ஒவ்வொரு லேபுக்கும், அதன் எண் எதிர்பார்க்கும் சிதறலைப்போல் எத்தனை மடங்கு விலகியது என்று இசட் ஸ்கோர் போடுவார்கள். 2-க்குள் என்றால் நல்லது, 3-ஐத் தாண்டினால் திருத்த வேண்டும். நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு: திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டார். அந்த ஒரு சிட்டிகை மணலின் பகுப்பாய்வுதான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வருவதற்கு வழி வைத்தது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். லேபுகள் தங்களுக்குள் ஒத்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு. ஐந்து லேபுக்கு உங்கள் மணலை அனுப்புகிறீர்கள், நான்கு அமிலத்தில் கரைக்கிறது, ஒன்று உருக்குகிறது என்று வையுங்கள். சராசரி எடுத்தால் நான்கின் பக்கம்தான் சாயும். சரியாகச் செய்த அந்த ஒரு லேபுக்கு இசட் ஸ்கோர் 3-ஐத் தாண்டி "தேறவில்லை" என்று வரும்! படிய வைத்து எடை போட்டு அளக்கும் பழைய எடையறி முறையிலும் இப்படி நடந்தது. சிலிக்காவில் கொஞ்சம் வடிநீரோடு போய்ப் பிறகு அலுமினாவோடு சேர்ந்து படியும்; எல்லோரும் அதே முறையைப் பின்பற்றினால் எல்லோருக்கும் சிலிக்கா குறைவாகவும் அலுமினா அதிகமாகவும் வரும், ஒற்றுமை மட்டும் பிரமாதமாக இருக்கும். ஆகவே ஒப்பீட்டு எண் குழுவுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். சி.ஆர்.எம். விலைக்கு நீங்கள் வாங்குவது தூளை அல்ல, அந்த வெளி எண்ணைத்தான்.

விலை அதிகம், பெரும்பாலும் 50 அல்லது 100 கிராம்தான் வரும், அன்றாடம் செலவழிக்க முடியாது. எனவே உங்கள் கடற்கரை மணலிலேயே சொந்தமாக ஒரு கட்டுப்பாட்டுப் பொருள் தயார் செய்யுங்கள். சில கிலோ மணலை 105 டிகிரியில் உலர்த்தி, நைசாக அரைத்து, நன்றாகக் கலந்து, சிறு புட்டிகளில் அடையுங்கள். பத்துப் புட்டியை எடுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை அளந்து, புட்டிக்குப் புட்டி வேறுபாடு ஒரே புட்டிக்குள் இருக்கும் வேறுபாட்டைவிடக் கூடுதலா என்று பாருங்கள். கூடுதல் என்றால் திரும்பக் கலக்க வேண்டும். சரியாக இருந்தால் சி.ஆர்.எம்.-ஐப் பக்கத்தில் வைத்து அளந்து அதற்கு ஒரு மதிப்புக் கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் இந்தப் புட்டியிலிருந்து ஒன்று போக வேண்டும், எண்ணை எல்லைக்கோடு போட்ட கட்டுப்பாட்டு வரைபடத்தில் வரிசையாகக் குறிக்க வேண்டும். எண் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தால் எல்லையைத் தாண்டும் முன்பே தெரிந்துவிடும். மோனசைட் அணுசக்தி தொடர்பான சட்டங்களின் கட்டுப்பாட்டில் இருப்பதால் மணல் எடுப்பது, வைத்திருப்பது, வெளியே அனுப்புவது எல்லாம் கல்லூரி வழியாக முறைப்படி அனுமதி வாங்கித்தான் நடக்க வேண்டும்.

மூன்று லேபுக்கும் அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் நான்கு புட்டி கொடுங்கள்: உங்கள் மணல் இரண்டு, வேறு வேறு எண் ஒட்டி, சி.ஆர்.எம். ஒன்று, பெயர் சொல்லாமல். தோரியம் இல்லாத சுத்தமான குவார்ட்ஸ் தூள் ஒன்று. இரண்டு மணல் புட்டியும் ஒரே லேபிலேயே ஒத்துவரவில்லை என்றால் கரண்டிப் பிரச்சினை. அவை ஒத்துவந்து சி.ஆர்.எம். விலகினால் முறையில் சாய்வு. குவார்ட்ஸில் தோரியம் வந்தால் பாத்திரம் அழுக்கு. சி.ஆர்.எம். மூன்றிலும் சரியாக வந்து மணல் மட்டும் பிரிகிறதென்றால், வாங்கிய சி.ஆர்.எம். உங்கள் மணலைப் போன்றதல்ல என்று அர்த்தம். இன்னும் நெருக்கமான ஒன்றைத் தேட வேண்டும். ஒரு கட்டுப்பாடு மட்டும் மறக்க வேண்டாம்: அளவுதிருத்தத்துக்குப் பயன்படுத்திய அதே பொருளைச் சரிபார்ப்புக்கும் பயன்படுத்தக் கூடாது. ஆர்.ஜி.டி.ஹெச்-1-ஐ வைத்தே காமா கருவியை அளவுதிருத்தம் செய்த லேப், அதையே மாதிரியாக அளந்து 800 என்று சொன்னால் அதில் எந்தச் செய்தியும் இல்லை.

வாங்குவதற்கு, தயாரிப்பாளருக்கு ஐ.எஸ்.ஓ. 17034 அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்நாட்டில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வழியாகப் பாரதிய நிர்தேஷக் திரவ்ய என்ற பெயரில் பல பொருட்கள் வருகின்றன. அருமண் தனிமங்களுக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஃபெரோகார்பனடைட் என்ற இரும்பு மிகுந்த கார்பனேட் பாறையில் ஒன்று வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஆராய்ச்சியில் லாந்தனம், சீரியம் எல்லாம் வருமென்றால் அதை விசாரியுங்கள்.

கடைசியாக அப்பாவின் ரப்பர் பால். இங்கே வழி கொஞ்சம் வேறு. காலையில் வெட்டிய பால் சில மணி நேரத்தில் உறைய ஆரம்பித்துவிடும்; புட்டியில் அடைத்து வருடக்கணக்கில் வைக்கிற சி.ஆர்.எம். அதற்குச் சாத்தியமில்லை. அம்மோனியா சேர்த்த, 60 சதவீத டி.ஆர்.சி. உள்ள சென்ட்ரிஃப்யூஜ் லேட்டக்ஸைக் குறுகிய காலத்துக்குக் கட்டுப்பாட்டுப் பொருளாக லேப் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பால் பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் நடுவே இருப்பதால் அது முழுப் பொருத்தமும் இல்லை. வாங்க வருபவர் மெட்ரோலாக் மிதவையைப் போட்டுப் படிக்கும் எண், உண்மையில் அடர்த்தியைத்தான் படிக்கிறது. பால் வெயிலில் சூடானாலோ, ரப்பர் அல்லாத கரைந்த பொருட்கள் கூடிக் குறைந்தாலோ எண் மாறும். லேப் முறை வேறு: எடை போட்டு, நீர்த்து, அமிலம் விட்டு உறைய வைத்து, தகடாக அழுத்திக் கழுவி, 70 டிகிரியில் உலர்த்தித் திரும்ப எடை போடுவது. தகராறு வந்தால் இந்த எண்தான் நிற்க வேண்டும்.

ஆக, பாலில் ஒப்பீட்டுப் பொருளுக்குப் பதில் பிரித்த மாதிரி. பீப்பாயை நன்றாகக் கலக்கிவிட்டு, வாங்குபவர் பக்கத்தில் நிற்கும்போதே மூன்று சிறு புட்டிகளில் எடுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று லேபுக்கு, ஒன்று உங்களிடம். மூன்றிலும் ஒரே அளவு அம்மோனியா விட்டு, எவ்வளவு விட்டீர்கள் என்று லேபுக்கும் எழுதிக் கொடுங்கள். அந்த நீர்ப்பும் கணக்கில் வர வேண்டும். புட்டியை வாய் வரை நிரப்பி இறுக்கி மூடி, அங்கேயே எடை போட்டு மேலே எழுதிவிடுங்கள். லேபுக்குப் போனதும் திரும்ப எடை போடச் சொல்லுங்கள். வழியில் எடை குறைந்திருந்தால் நீர் ஆவியாகியிருக்கிறது, அந்தப் புட்டியில் வரும் டி.ஆர்.சி. இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகவே வரும். கையில் வைத்திருக்கும் மூன்றாவது புட்டியை அப்போது கொடுங்கள்.